சுவருக்குச் சுவர் தாவும் வெளிச்சம்

அரிசோனா மாநிலத்தின் வட கோடியில், பேஜ் என்ற சிற்றூரை ஒட்டி, நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கிறது ஆன்டிலோப் கேன்யன். வழிகாட்டி இல்லாமல் அதற்குள் யாரும் போக முடியாது. உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் நவஹோ வழிகாட்டிகள் பலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு: பயணிகளின் செல்போனைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். ஐபோனாக இருந்தால் கேமராவில் ‘விவிட் வார்ம்’ என்ற ஃபில்டரைப் போட்டுத் திருப்பித் தருவார்கள். அதுவரை பழைய செங்கல் நிறத்தில் கிடந்த சுவர், திரையில் தணலாகத் தகதகக்கும். எல்லோருக்கும் சந்தோஷம். சிலருக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல்: இது ஏமாற்று வேலை இல்லையா?

வெளியே வந்தவர்களைக் கேட்டால் இரண்டு கட்சி. “நேரில் இவ்வளவு சிவப்பெல்லாம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் வேலை” என்பது ஒன்று. “நேரில் பார்த்ததில் பாதிகூடப் படத்தில் வரவில்லை” என்பது மற்றொன்று. பார்த்ததோ ஒரே சுவர். என்னைக் கேட்டால் இரண்டு கட்சியுமே உண்மையைத்தான் சொல்கின்றன. அந்த இடுக்குக்குள் தெரியும் நிறத்தில் பாறைக்குப் பங்கு பாதிதான். மீதிப் பாதி, மேலேயிருந்து நுழைந்த வெளிச்சம் நம்மிடம் வந்து சேருமுன் எத்தனை சுவரில் பட்டுத் தெறித்தது என்ற எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையைக் கண் ஒரு விதமாகப் பதிகிறது, கேமரா வேறு விதமாகப் பதிகிறது.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். இந்தப் பாறை நவஹோ மணற்கல் எனப்படுவது. பெரும்பகுதி குவார்ட்ஸ் மணல்தான். குவார்ட்ஸுக்குச் சொந்த நிறம் கிடையாது. ஒவ்வொரு மணலின் மேலும் மெல்லிய சவ்வுபோல ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணல் செக்கச்செவேலென்று இருப்பதற்கும் இதே சவ்வுதான் காரணம். ஹெமடைட் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டு, சிவப்பையும் ஆரஞ்சையும் திருப்பி அனுப்பும்.

ஒரு கணக்குக்காக, சுவரில் விழும் சிவப்பு ஒளியில் பாதியும் நீல ஒளியில் ஐந்தில் ஒரு பங்கும் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வெயில் நேரடியாகப் படும் சுவரில் சிவப்பு 50, நீலம் 20. இரண்டரை மடங்கு வித்தியாசம். கண்ணுக்கு அது காவி கலந்த சந்தன நிறம். அங்கிருந்து தெறித்த ஒளி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும்போது சிவப்பு 25, நீலம் 4. மூன்றாவது சுவரில் சிவப்பு பன்னிரண்டரை, நீலம் ஒன்றுகூட இல்லை. நான்காவதில் சிவப்பு, நீலத்தைப்போல ஏறக்குறைய நாற்பது மடங்கு. ஒவ்வொரு தெறிப்பும் ஒரு பெருக்கல். அதனால்தான் உள்ளே போகப்போக, வளைவுக்குப் பின்னால் வளைவு என்று மறைந்திருக்கும் இடங்களில், மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பு குங்குமமாகக் கறுக்கிறது. பாறை எங்கும் அதே பாறைதான்.

நீளமான ஒரு சுவரை மேலிருந்து கீழாகப் படமெடுத்தால் இந்த வரிசை முழுவதும் ஒரே சட்டத்தில் கிடைக்கும். உச்சியில் வெளிறிய மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, அடியில் கருஞ்சிவப்பு. அந்தப் படத்தை ஒரு பட்டியல்போலப் படிக்கலாம்: இங்கே ஒன்று, இங்கே இரண்டு, இங்கே மூன்று.

அப்படியானால் ஊதா எங்கிருந்து வருகிறது? ஆன்டிலோப் படங்களில் பலரை ஆச்சரியப்படுத்துவது சிவப்பைவிட அந்த ஊதாதான். பிற்பாடு பூசியது என்று முதலில் சந்தேகிக்கப்படுவதும் அதுவே. சுவரின் சில பகுதிகளுக்கு வெயிலும் எட்டாது, வெயில் பட்ட எதிர்ச்சுவரும் தெரியாது. தலைக்கு மேலே ஒரு கீற்று வானம் மட்டும் தெரியும். பாலைவனத்து வானம் நல்ல நீலம். அந்த நீலம் செம்பாறையில் ஒரே ஒரு முறை பட்டு வந்தால் சாம்பலும் கத்தரிப்பூ நிறமும் கலந்த ஒன்று கிடைக்கும். பக்கத்திலேயே ஆரஞ்சு எரிந்துகொண்டிருப்பதால் அது இன்னும் ஊதாவாகத் தோன்றும். ஊதாத் திட்டைப் பார்த்தால் அந்த இடத்துக்கு வானம் தெரிகிறது என்று அர்த்தம். அங்கே போய் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி கண்ணின் பக்கம். நம் மூளை வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் பார்க்கப் பழகியது. மஞ்சள் பல்பு எரியும் அறையிலும் வெள்ளை வேட்டி வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். எல்லாமே சிவந்திருக்கும் இடத்துக்குள் நுழைந்த சில நிமிடங்களில் மூளை அந்தச் சிவப்பை வெளிச்சத்தின் கணக்கில் எழுதித் தள்ளுபடி செய்துவிடுகிறது. போதாததற்கு உள்ளே இருட்டு வேறு. வெளிச்சம் குறையக் குறைய, நிறம் பிரித்துப் பார்க்கும் கூம்பு செல்கள் ஓய்ந்து, நிறமறியாத கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். கூம்புகளின் கூர்மை 555 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சையில் உச்சம். கோல்களுக்கு அது 507-ஐ ஒட்டிய நீலப் பச்சை. சிவப்புக்குக் கோல்கள் கிட்டத்தட்டக் குருடு. விடியலின் மங்கிய ஒளியில் செந்நிறப் பூக்கள் கறுத்தும் இலைகள் வெளிறியும் தெரிவதை 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுதிவைத்தவர் புர்கின்யே என்ற செக் நாட்டு உடலியலாளர். ஆன்டிலோப்பின் ஆழமான மூலைகளில் நடப்பதும் அதுவே. மிக அதிகமாகச் சிவந்த இடம் எதுவோ அதுவே மிக இருட்டான இடம்; அங்கேதான் கண் சிவப்பைக் கைவிடுகிறது.

கேமராவுக்கு இந்த உபத்திரவம் இல்லை. நொடிக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைத்தால் சொட்டுச் சொட்டாக வரும் சிவப்பு ஒளியைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். ஆனால் அதற்குள்ளும் ஒரு மூளை உட்கார்ந்திருக்கிறது: தானியங்கி ஒயிட் பேலன்ஸ். படத்தின் சராசரி நிறம் சாம்பலை ஒட்டித்தான் இருக்கவேண்டும் என்பது அதன் பழைய நம்பிக்கை. எல்லாம் சிவப்பாக இருந்தால் “விளக்குதான் சிவப்பு போலிருக்கிறது” என்று முடிவுகட்டி நீலத்தைக் கொட்டிச் சமன்செய்யும். விளைவு, சேறு பூசிய மாதிரி ஒரு பழுப்பு. வழிகாட்டி போடுகிற ஃபில்டர் பெரும்பாலும் கேமரா பறித்துக்கொண்டதைத் திருப்பித் தருகிறது. நேர்மையாக எடுக்க விரும்புகிறவர் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு, ஏறத்தாழ 5,500 கெல்வினுக்கு, நிலையாக வைத்துவிடலாம். வெளியே அடிக்கும் வெயிலை வெள்ளை என்று ஒத்துக்கொண்டு, அதிலிருந்து உள்ளே என்னென்ன மாறியது என்பதைப் படம் காட்டும். இது ஒன்றுதான் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த அளவுகோலால் அளந்தோம் என்று சொல்ல முடிகிற ஒரே வழி இது.

சுவர்களில் ஓடும் கோடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நெருங்கிப் பார்த்தால் விரல் அகலத்துக்கும் குறைவான அடுக்குகள், சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்றாக. ஓரிடத்தில் திடீரென்று அறுபட்டு, வேறு கோணத்தில் புதிய கட்டு தொடங்கும். இவை சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், இங்கே இருந்த மாபெரும் மணல் பாலைவனத்தின் குன்றுகள். காற்று மணலைக் குன்றின் முதுகில் ஏற்றும். உச்சியைத் தாண்டியதும் மறுபக்கச் சரிவில் மணல் வழுக்கி விழும். உலர்ந்த மணல் நிற்கக்கூடிய சரிவு முப்பது பாகையைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு சரிவும் ஓர் அடுக்கு. அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் அன்றைக்குக் காற்று வீசியது. இந்த மணலில் கலந்திருக்கும் சிர்க்கான் துகள்களின் வயதை அளந்து 2003-இல் வெளியான ஆய்வுகள், அதில் கணிசமான பங்கு கண்டத்தின் மறுகோடியிலிருக்கும் அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்தது என்று காட்டின. பக்கவாட்டிலிருந்து வழுக்கி வரும் வெளிச்சத்தில் எடுத்தால் இந்த அடுக்குகள் ரேகை ரேகையாக எழும்பும். நேர் வெளிச்சத்தில் அமுங்கிப்போகும்.

அடுக்கு காற்றின் கைவேலை. வளைவு தண்ணீருடையது. பாறையில் முன்பே இருந்த விரிசலில் வெள்ளம் புகுந்து, தானே சுமந்துவரும் மணலால் அறுத்துக்கொண்டே இறங்கியிருக்கிறது. அகலத்தைவிட ஆழம் வேகமாகப் போனதால்தான் இடுக்கு. சுற்றிலும் மொட்டைப் பாறை, மண் மிகக் குறைவு. பெய்த மழையை உறிஞ்ச ஆளில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். கேன்யன் இருக்கும் இடத்தில் மழையே பெய்யவேண்டும் என்பதில்லை. மேட்டுப் பகுதியில் பெய்தால் போதும். 1997 ஆகஸ்ட் 12 அன்று நடந்தது அதுதான். பல கிலோமீட்டருக்கு அப்பால் கொட்டிய இடிமழையின் தண்ணீர், கேன்யனின் இரு பகுதிகளில் ஒன்றான லோயர் ஆன்டிலோப்புக்குள் சுவராக வந்து 11 பயணிகளைக் கொண்டுபோனது. உள்ளே இருந்தவர்களில் பிழைத்தவர் வழிகாட்டி ஒருவர்தான். அன்று அங்கே இருந்தவை மர ஏணிகள். பின்னால் பாறையில் திருகி இறுக்கிய இரும்புப் படிகள் வந்தன. மேக நிலவரம் பார்த்துச் சுற்றுலாவை நிறுத்தும் ஏற்பாடும் வந்தது. 2006 அக்டோபர் இறுதியில் வந்த வெள்ளம் ஒன்றரை நாள் ஓடி, லோயர் கேன்யனை மாதக்கணக்கில் மூடவைத்தது. ஒவ்வொரு வெள்ளமும் தரை மணலை வாரிக்கொண்டு போகும், அல்லது கொட்டிவிட்டுப் போகும். சென்ற ஆண்டு நின்று எடுத்த இடம் இந்த ஆண்டு ஓரடி உயர்ந்திருக்கலாம், தாழ்ந்தும் இருக்கலாம். பழைய படத்தை அப்படியே திரும்ப எடுக்க நினைப்பவர்கள் இங்கே வரவேண்டாம்.

கேன்யனின் இரண்டு பகுதிகள் அப்பர், லோயர் எனப்படுபவை. அப்பர் ஆன்டிலோப்பின் குறுக்குவெட்டு கூரை வீடு மாதிரி: மேலே ஒடுக்கம், கீழே அகலம். நீளம் ஏறக்குறைய 200 மீட்டர், ஆழம் 40 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. லோயர் அதன் தலைகீழ், மேலே அகன்று கீழே ஒடுங்கியது, நீளமும் கூடுதல். பிரசித்தி பெற்ற ஒளிக்கற்றை, கூரையில் பொத்தல் விட்ட மாதிரி ஒழுகுவது, அப்பரின் சொத்து. சூரியன் உயரத்தில் இருக்கும் மாதங்களில்தான் அது தரையைத் தொடும். சுமாராக மார்ச் பின்பாதியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. இந்த ஊரின் அட்சரேகை ஏறத்தாழ 37 பாகை. ஜூன் 21 நண்பகலில் சூரியன் 76 பாகை வரை ஏறும். அங்கே உண்மையான நண்பகல் கடிகாரத்தில் பன்னிரண்டரையை ஒட்டி வரும். கடிகாரம் என்றதும் ஒன்று: அரிசோனா கோடையில் மணியை மாற்றுவதில்லை, நவஹோ நிலப்பகுதி மாற்றுகிறது. போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். சுற்றுலாக்காரர்கள் சொல்வது அரிசோனா நேரம். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

கற்றை வெறுமனே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சுத்தமான காற்றின் வழியே போகும் ஒளி பக்கவாட்டில் நம் கண்ணுக்குத் திரும்ப வழியில்லை. தரையில் ஒரு வெள்ளை வட்டம்தான் தெரியும். அதனால் வழிகாட்டி ஒரு கை மணலை அள்ளிக் கற்றைக்குள் வீசுகிறார். உடனே எல்லோரும் ஷட்டரை அழுத்துகிறார்கள். அவசரம் வேண்டாம். கால் மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் இரண்டு நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் எடுத்தால் படத்தில் கீறல் கீறலாக விழும். மணலோடு கலந்த தூசு வேறு ரகம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள், அசையாத காற்றில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. ஆள் உயரத்திலிருந்து கீழே வர நான்கு நிமிடம்வரை ஆகும். மணல் விழட்டும், தூசு மிதக்கட்டும், பிறகு எடுக்கலாம். கற்றை பால் ஊற்றியதுபோல வழுவழுப்பாக வரும். இந்தத் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிப்பதால் கற்றை வெண்மையாக இருக்கிறது. அதோடு, அவை ஒளியைப் பின்னால் திருப்புவதைவிட முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கும். கீழே குனிந்து, கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து எடுப்பவருக்குக் கற்றை பளிச்சென்று கிடைப்பது இதனால்தான்.

கற்றை ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. முப்பது மீட்டர் மேலேயிருக்கும் பொத்தல் வழியாக வரும் ஒளி அந்த நான்கு நிமிடத்தில் தரையில் ஏறத்தாழ அரை மீட்டர் நகர்ந்துவிடும். விளிம்பும் கூர்மையாக இருக்காது. சூரியன் புள்ளி அல்ல, அரை பாகை அகலமுள்ள வட்டு. முப்பது மீட்டர் கீழே வரும்போது கற்றையின் ஓரம் கால் மீட்டருக்கு மேல் மங்கலாகப் பரவிவிடும். பொத்தல் அதைவிடச் சிறியதாக இருந்தால் தரையில் விழுவது பொத்தலின் வடிவமே அல்ல, சூரியனின் பிம்பம்.

இந்தக் கற்றையில் பறந்த தூசு ஆள் உருவம்போலத் தோன்றிய ஒரு கணத்தை ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் பீட்டர் லிக் எடுத்தார். ‘ஃபேன்டம்’ என்ற அந்தப் படம் 65 லட்சம் டாலருக்கு விற்றதாக 2014-இல் அவர் தரப்பு அறிவித்தது. வாங்கியவர் பெயர் வெளியாகவில்லை. ஏலத்தில் போன படமும் அல்ல என்பதால் அந்த விலையைச் சரிபார்க்க வழியில்லை என்று விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நிறத்துக்காகவே உலகம் திரண்டு வரும் இடத்தில் நிறத்தைத் துடைத்து எடுத்தது.

கறுப்பு வெள்ளையில் அங்கே சாதித்தவர் என்று நான் சொல்வது ப்ரூஸ் பார்ன்பாமைத்தான். கணிதம் படித்தவர், 1980-இல், கூட்டம் வருவதற்கு வெகுமுன்பே, பெரிய ஃபிலிம் கேமராவுடன் உள்ளே போனார். சுவர் வளைவுகளில் அவர் பார்த்தது பாறையைவிட, இயற்பியலின் விசைப் புலங்களை. அவர் படங்களில் தெறிப்பின் எண்ணிக்கை நிறமாக வராமல் சாம்பலின் ஏற்ற இறக்கமாக வருகிறது; எது முன்னால், எது பின்னால் என்று சொல்லமுடியாத குழப்பமும் அதிலிருந்தே வருகிறது.

ஃபிலிம் காலத்தில் இன்னொரு தொல்லை இருந்தது. வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதும் என்பது பொது விதி. மங்கிய ஒளியில் அந்த விதி உடைகிறது. இரட்டிப்பு நேரமும் பற்றாது. 1890-களின் இறுதியில் வியன்னாவில் நட்சத்திரங்களின் ஒளியைப் புகைப்படத் தகட்டில் அளந்துகொண்டிருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்ட் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். பிற்பாடு ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டு கருந்துளைக் கணக்கில் பெயர் பதித்தவரும் இவரே. நிலக்காட்சி எடுப்பவர்களின் செல்லமான வெல்வியா ஃபிலிமில் சில நொடிகளைத் தாண்டிவிட்டால் நேரத்தைக் கூட்டவும் வேண்டும், பச்சைப் பக்கம் சாயும் நிறத்தை மெஜந்தா ஃபில்டர் போட்டுச் சரிக்கட்டவும் வேண்டும். ஆன்டிலோப்பின் பழைய வண்ணப் படங்களைப் பார்த்து நிறத்தை எடைபோடுவது இதனால்தான் ஆபத்து.

டிஜிட்டல் சென்சாருக்கு அந்தக் குறை இல்லை. வேறு குறை உண்டு. அதன் கண்ணறைகளில் பாதி பச்சைக்கு, கால் பங்கு நீலத்துக்கு, கால் பங்குதான் சிவப்புக்கு. வந்து சேரும் ஒளி ஏறத்தாழ முழுச் சிவப்பாக இருந்தால் நான்கில் ஒரு கண்ணறை மட்டுமே உருப்படியாக வேலை செய்கிறது. படம் லேசாகக் குழையும், நீலத்தில் இரைச்சல் மண்டும். கேமராத் திரையில் வரும் ஒளி வரைபடம் மூன்று நிறத்தையும் கலந்து காட்டினால் எல்லாம் பத்திரம் என்றே சொல்லும்; அதற்குள் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, சுவரின் ரேகைகள் அழிந்திருக்கும். சிவப்பின் வரைபடத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும். வானத்தைச் சட்டத்துக்குள் விடக்கூடாது என்ற பழைய விதிக்கும் காரணம் இதே போன்றதுதான்: வானத்துக்கும் அடிச்சுவருக்கும் வெளிச்ச வித்தியாசம் ஆயிரம் மடங்கைச் சுலபமாகத் தாண்டும். லென்ஸை உள்ளே வைத்துக் கழற்றவே கூடாது. மேலேயிருந்து மணல் ஓயாமல் பெய்துகொண்டிருக்கும்.

ஒரு காலத்தில் டிரைபாடோடு வருபவர்களுக்கென்று தனிச் சுற்றுலா நடந்தது. வழிகாட்டி கூட்டத்தை இரண்டு நிமிடம் தடுத்து நிறுத்துவார். அதற்குள் எட்டு நொடி, பதினைந்து நொடி என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது டிரைபாடுக்கு அனுமதி இல்லை. ஒரு குழுவின் முதுகை அடுத்த குழு உரசிக்கொண்டு வரும் இடத்தில் அது நியாயமான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. செல்போன்கள் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைக் கழித்து ஒன்றாக அடுக்கிவிடுவதால் நஷ்டமும் முன்போல இல்லை.

டிசம்பரில் அங்கே நண்பகல் சூரியன் 30 பாகையைக்கூடத் தொடாது. கற்றை கிடையாது. ஆனால் இவ்வளவு நேரம் பார்த்த கணக்கின்படி, நேர் வெயில் உள்ளே குறைவாக இறங்கும்போதுதான் சுவரில் பட்டுச் சுவரில் பட்டு வரும் ஒளியின் பங்கு கூடுகிறது. உச்சி விளிம்பில் மட்டும் வெயில் படும். அங்கிருந்து கீழே இறங்குவது எல்லாம் இரண்டாம், மூன்றாம் தெறிப்பு. கண் கூசும் வெள்ளைத் திட்டுகள் இல்லாததால் வித்தியாசமும் சென்சாரின் கைக்குள் அடங்கும். சிவப்பையும் ஊதாவையும் தேடி வருபவர்கள் குளிர்காலத்தில், அதுவும் லோயருக்குப் போவது நல்லது. கூட்டமும் குறைவு, நண்பகல் கற்றைக்கென்று கூடுதலாக அழவேண்டிய சீட்டுப் பணமும் மிச்சம்.